கணக்கில் வராத தொற்று

சாலை விபத்தில் தொடையெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்ந்த ஒருவர், அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள் கழித்து இரத்தத்தில் கிருமி பரவி இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். விபத்தில் போய்விட்டார் என்றுதான் ஊர் சொல்லும். மருத்துவமனைப் பதிவேடும் அநேகமாக அதையே சொல்லும். எடை குறைவாகப் பிறந்த சிசு ஐந்தாம் நாள் தொற்று ஏறி இறந்தால், குறைப்பிரசவம் என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுவார்கள். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுவந்த நோய்க்குப் பெயர் உண்டு. உள்ளே வந்தபின் ஒட்டிக்கொண்ட நோய்க்குப் பல நேரம் பெயரே கிடையாது. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உள்நோயாளிகள் நூறு பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 15 பேருக்கும் மருத்துவமனையிலேயே ஒரு தொற்றாவது வருகிறது. அப்படித் தொற்று கண்டவர்களில் பத்தில் ஒருவர் இறக்கிறார். இவற்றில் பெரும்பகுதி தடுக்கக்கூடியவை என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. கையைச் சுத்தம் செய்தால் உயிர் பிழைக்கும் என்று தெரிந்து 175 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆகவே அறியாமை இதற்குக் காரணமாக இருக்க முடியாது. தனிமனிதரின் அலட்சியம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதுவும் போதாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். தன் கூரைக்குள் உண்டாகும் தொற்றை எண்ணி, அந்த எண்ணை மாற்றக்கூடியவர்கள் கண்முன் வைத்து, மாற்றுவதற்கு வேண்டிய நேரத்தையும் பொருளையும் அதிகாரத்தையும் அவர்களிடம் கொடுத்த மருத்துவமனைகளில் தொற்று குறைந்திருக்கிறது. உபதேசத்தை மட்டும் நம்பிய இடங்களில் அது குறையவில்லை.

இதற்கான முதல் சான்று எல்லோரும் அறிந்த வியன்னா கதைதான். ஆனால் அதில் நாம் வழக்கமாகக் கவனிக்கும் பகுதி கை கழுவியது. கவனிக்கத் தவறும் பகுதி, அதற்கு முன்பே அங்கே இருந்த பதிவேடு. வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவு இரண்டாகப் பிரிந்திருந்தது. 1840 முதல் ஒன்றில் மருத்துவ மாணவர்களுக்குப் பயிற்சி, மற்றொன்றில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி. கர்ப்பிணிகள் எந்தப் பிரிவுக்குப் போவார்கள் என்பதை வந்துசேரும் நாள்தான் முடிவு செய்தது. அதாவது இரு பிரிவுகளுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெண்கள், ஒரே மாதிரி வறுமை, ஒரே ஊர்க் காற்று. 1846இல் மாணவர் பிரிவில் 4,010 பிரசவங்களுக்கு 459 தாய்மார்கள் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பிரிவில் 3,754 பிரசவங்களுக்கு 105 பேர். நகரத்துப் பெண்களுக்கு இது புள்ளிவிவரம் இல்லாமலே தெரிந்திருந்தது. முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று மன்றாடினார்கள். அங்கே பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மெல்வைஸ் அந்த ஏடுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு விளக்கமாகத் தள்ளினார். நெரிசல் காரணமென்றால் இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் அதிகம். காற்றிலுள்ள நச்சு என்றால் பக்கத்து அறைக்கு அது ஏன் போகவில்லை? 1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கோலெட்ஷ்கா, பிணப் பரிசோதனையில் மாணவர் ஒருவரின் கத்தி கையில் பட்டு, இந்தத் தாய்மார்களைக் கொன்ற பிரசவக் காய்ச்சலின் அதே அறிகுறிகளோடு இறந்தபோது விடை கிடைத்தது. பிண அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்த கைகள்தான் நோயைக் கொண்டுவந்தன. மே மாதம் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவுவது கட்டாயமானது. 1848இல் முதல் பிரிவின் இறப்பு விகிதம் நூற்றுக்கு 1.27, இரண்டாம் பிரிவுக்குச் சமமாக வந்துவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் நம் கேள்விக்கு முக்கியம். 1849இல் செம்மெல்வைஸின் பதவி நீட்டிக்கப்படவில்லை. அவர் வியன்னாவை விட்டுப் போனார். அவரோடு அந்தக் கடுமையும் போயிற்று. அறிவியல் உலகம் ஒரு மேதையைப் புறக்கணித்தது என்று இதைச் சோகக் கதையாகவே சொல்லி வருகிறோம். அது உண்மையும்கூட, 1865இல் மனநலக் காப்பகத்தில் அவர் இறந்த விதம் நெஞ்சை வருத்துவது. ஆனாலும் ஒரு தனிமனிதரின் பிடிவாதத்தில் நின்ற ஏற்பாடு அவர் போனதும் சரிந்தது என்ற பாடம் அந்தச் சோகத்துக்குள் மறைந்துகிடக்கிறது. கைகழுவாத சக மருத்துவர்களைக் கொலைகாரர்கள் என்கிற அளவுக்கு அவர் பின்னாளில் எழுதினார். குற்றம் சாட்டியதால் யாரும் திருந்தவில்லை. அவர் சொன்ன உண்மையை ஏற்க மறுக்க அது ஒரு சாக்காகவும் ஆயிற்று.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1970களில் ஒரு பெரிய கேள்வியைக் கையில் எடுத்தது: மருத்துவமனையில் தொற்றுத் தடுப்புக்கென்று ஆளும் ஏற்பாடும் வைத்தால் உண்மையில் தொற்று குறைகிறதா, அல்லது அது வெறும் சடங்கா? 338 மருத்துவமனைகளை வைத்து நடந்த அந்த ஆய்வின் முடிவு 1985இல் வெளியானது. நான்கு அம்சங்கள் கூடிய இடங்களில் தொற்று 32 சதவீதம் குறைந்திருந்தது: முறையான கண்காணிப்பும் கட்டுப்பாடும், 250 படுக்கைக்கு ஒரு தொற்றுத்தடுப்புச் செவிலியர், பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர், அறுவைப் புண்ணில் தொற்று வந்த விகிதத்தை அந்தந்த அறுவை மருத்துவரிடமே திரும்பச் சொல்லும் வழக்கம். ஏற்பாடு இல்லாத இடங்களில் அதே காலத்தில் தொற்று 18 சதவீதம் கூடியிருந்தது. இந்த நான்கில் கடைசியானதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தன் நோயாளிகளில் எத்தனை பேருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்தது என்பது பெரும்பாலான அறுவை மருத்துவர்களுக்குத் தெரியாது. நோயாளி வீட்டுக்குப் போனபின் சீழ் பிடிக்கும், அவர் வேறு மருத்துவரிடம் போவார், செய்தி திரும்பி வராது. திறமையில் நம்பிக்கை உள்ள மனிதருக்கு அவருடைய எண்ணையே காட்டினால் மாறுகிறார். பொதுவாக எல்லோருக்கும் சொல்லும் அறிவுரையை அவர் அடுத்தவருக்கானதென்றே எடுத்துக்கொள்கிறார். இது மனித இயல்பு. மருத்துவர் மட்டும் விதிவிலக்காக இருக்க முடியாது.

எண்ணினால் மட்டும் போதுமா என்றால், போதாது. கைகழுவாமைக்குச் சோம்பேறித்தனம் காரணம் என்று நினைத்தவர்களை யோசிக்க வைத்த ஒரு கணக்கு 1997இல் வந்தது. பன்னிரண்டு பணியாளர்கள் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவில், விதிப்படி கைகழுவ வேண்டிய ஒவ்வொரு முறையும் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வந்தால், ஒரு பகல் ஷிப்டில் மொத்தம் 16 மணி நேரச் செவிலியர் உழைப்பு அதற்கே போய்விடும். படுக்கையோரம் இருக்கும் ஆல்கஹால் கைத்திரவத்தைத் தேய்த்தால் 3 மணி நேரம் போதும். விதியை முழுதாகக் கடைப்பிடித்தால் நோயாளியைப் பார்க்க நேரமில்லை. நோயாளியைப் பார்த்தால் விதியைக் கடைப்பிடிக்க நேரமில்லை. இந்த இடுக்கில்தான் செவிலியர் நின்றார்கள். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் மருத்துவர் தீதியே பித்தே நடத்திய ஆய்வும் இதையே காட்டியது: வேலை அழுத்தம் கூடக் கூடக் கைச்சுத்தம் குறைகிறது, செவிலியர்களைவிட மருத்துவர்கள் மோசம். ஆகவே அங்கே நோயாளியின் படுக்கையருகிலும் பணியாளரின் சட்டைப்பையிலும் ஆல்கஹால் திரவத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். கண்காணித்த எண்ணைப் பணியாளர்களிடம் திரும்பச் சொன்னார்கள். நிர்வாகம் வெளிப்படையாகப் பின்னால் நின்றது. 1994இல் 48 சதவீதமாக இருந்த கைச்சுத்தம் 1997இல் 66 சதவீதம் ஆனது. மருத்துவமனைத் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாக இறங்கியது. அறுபத்தாறு என்பது முழுமை அல்ல. முழுமை வராமலே தொற்று இவ்வளவு இறங்கியது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அந்தத் திரவத்தின் செய்முறையை உலகச் சுகாதார நிறுவனம் பிற்பாடு எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. எத்தனால் அல்லது ஐசோபுரோபைல் ஆல்கஹால், கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு, கொஞ்சம் கிளிசரின், நீர். மாவட்ட மருத்துவமனை மருந்தகத்திலேயே கலந்துவிடலாம்.

கையுறையைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். ஒரே ஜோடிக் கையுறையோடு நான்கு நோயாளிகளைத் தொடுபவர் தன்னைக் காத்துக்கொள்கிறார், நோயாளிகளைக் காக்கவில்லை. கோவிட் காலத்தில் கையுறையைப் பார்த்ததும் நமக்கு வந்த நிம்மதி பெரும்பாலும் பொய்யான நிம்மதி.

அடுத்தது அதிகாரம். கழுத்துச் சிரை வழியாகவோ காரையெலும்புக்குக் கீழாகவோ இதயத்தருகே செலுத்தும் சிரைக்குழாய் தீவிர சிகிச்சையில் உயிர்காப்பது. அதுவே கிருமிக்கு நேர்வழியும் ஆகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மருத்துவர் பீட்டர் புரோனவோஸ்ட் தலைமையில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஐந்து எளிய செயல்களை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டன: கைச்சுத்தம், முழு உடல் மறைப்பு, குளோர்ஹெக்சிடின் கொண்டு தோலைத் துடைத்தல், தொடை வழியைத் தவிர்த்தல், தேவை முடிந்த குழாயை உடனே எடுத்துவிடல். புதிய மருந்தோ புதிய இயந்திரமோ எதுவும் இதில் இல்லை. பதினெட்டு மாதத்துக்குள் ஆயிரம் குழாய் நாட்களுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த இரத்தத் தொற்று 1.4 ஆக இறங்கியது. 2006இல் முடிவு வெளியானது. உலகம் அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டது. ஆனால் பட்டியலோடு இன்னொன்றும் வந்திருந்தது: மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால், அவசரநிலை இல்லாதபோது, நிறுத்துங்கள் என்று சொல்லும் உரிமை செவிலியருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. நம் ஊர் வார்டில் இருபத்தைந்து வயதுச் செவிலியர் ஒருவர் துறைத்தலைவரிடம் 'சார், நீங்கள் கைகழுவவில்லை' என்று சொல்வதைக் கற்பனை செய்து பார்த்தால் அந்த உரிமையின் எடை தெரியும். இங்கிலாந்து சில ஆண்டுகள் கழித்து இதே திட்டத்தை நாடு முழுவதும் கொண்டுபோனபோது, தொற்று குறைந்தது உண்மைதான்; ஆனால் ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்த போக்கிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட முடியவில்லை. காகிதத்தை ஒட்டிவிட்டு வார்டின் உறவுமுறைகளை அப்படியே விட்டால் இவ்வளவுதான் கிடைக்கும் என்று நான் இதைப் படிக்கிறேன்.

காற்றுவழித் தொற்றை விளங்கிக்கொள்ள மருத்துவமனையின் கட்டடத்தையே பார்க்க வேண்டும். பெருவின் லிமா நகரில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, காசநோயாளிகள் இருக்கும் அறைகளில் காற்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று அளந்தது. சன்னலையும் கதவையும் திறந்து வைத்தால் மணிக்கு 28 முறை காற்று மாறியது. இயந்திரக் காற்றோட்டம் கொண்ட தனிமை அறைகளில் 12 முறை. உயரமான கூரையும் பெரிய சன்னலும் கொண்ட 1950க்கு முந்தைய பழைய கட்டடங்கள், புதியவற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் நன்றாக மூச்சுவிட்டன. நம்முடைய பழைய அரசு மருத்துவமனைகளின் நீண்ட வராந்தாவையும் உயர்ந்த கூரையையும் இடித்துவிட்டு, குளிரூட்டிய அடைத்த பெட்டிகளாகப் புறநோயாளிகள் பிரிவைக் கட்டுவதை முன்னேற்றம் என்று எண்ணுபவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

இப்போது ஒரு பரவலான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நம் மருத்துவமனைகளில் தொற்று பரவக் காரணம் கூடவே வந்து தங்கும் உறவினர் கூட்டம்தான் என்று நிர்வாகிகள் அடிக்கடி சொல்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. தென்கொரியாவில் 2015 மே மாதம், மேற்காசியாவிலிருந்து திரும்பிய ஒருவர் மெர்ஸ் என்னும் சுவாச நோயோடு மருத்துவமனை மருத்துவமனையாகப் போனார்; நோய் இன்னதென்று தெரிய மே 20 ஆயிற்று. அவரிடமிருந்து தொற்று பெற்ற ஒரு நோயாளி சியோலின் பெரிய மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் மே 27 முதல் 29 வரை இருந்தார். நெரிசலான அந்த ஒரு பிரிவில் அவரால் 82 பேருக்கு நோய் வந்தது: 33 நோயாளிகள், 8 பணியாளர்கள், 41 பார்வையாளர்கள். ஆக, பாதிப்பேர் உறவினர்களும் பார்க்க வந்தவர்களும். மொத்தம் 186 பேருக்கு நோய் கண்டு 38 பேர் இறந்தார்கள். அநேகமாக எல்லாமே மருத்துவமனைக்குள் தொற்றியவை. கொரியாவிலும் நம்மைப் போலவே நோயாளியைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் வீட்டார் வேலை. ஏனென்றால் அதைச் செய்யப் போதுமான செவிலியர்கள் இல்லை. தன் பிழை அங்கே இருக்கிறது என்று அந்நாடு புரிந்துகொண்டு, உறவினர் தேவைப்படாத முழுச் செவிலியர் சேவை கொண்ட வார்டுகளைப் பின்னர் விரிவாக்கியது. கூட்டத்தைக் குறை சொல்வதற்கு முன், அந்தக் கூட்டம் என்ன வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும். இந்தியச் செவிலியர் கவுன்சிலின் நெறி, பயிற்சி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்கிறது. இரவில் நாற்பது படுக்கைக்கு ஒருவரோ இருவரோ நிற்கும் வார்டில் உடனிருக்கும் உறவினரை வெளியேற்றினால் நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆள் இருக்காது.

கொரியாவின் இன்னொரு தவறு நம் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. எந்தெந்த மருத்துவமனைகளில் மெர்ஸ் பரவியது என்பதை அரசு முதலில் சொல்ல மறுத்தது. பீதி வரும், மருத்துவமனைகளுக்கு நஷ்டம் வரும் என்பது காரணம். ஜூன் 7ஆம் தேதிதான் பெயர்கள் வெளியாயின. அதுவரை, நோய் தொற்றியிருக்கலாம் என்று அறியாத மக்கள் அந்த மருத்துவமனைகளுக்குப் போனார்கள், அங்கிருந்து வேறு மருத்துவமனைகளுக்கும் போனார்கள். மறைத்ததால் பீதி குறையவில்லை. வதந்தி வளர்ந்தது, தொற்றும் வளர்ந்தது.

நமக்கு அருகில் நடந்ததையும் பார்க்கலாம். 2001இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் பெயர் தெரியாத காய்ச்சல் ஒன்று 66 பேரைப் பிடித்து 45 பேரைக் கொன்றது. நோயுற்றவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் மருத்துவமனையோடு தொடர்புடையவர்கள். அது நிபா வைரஸ் என்று உறுதியாகச் சில ஆண்டுகள் ஆயின. 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது, முதல் நோயாளி இறந்து இரண்டு வாரம் கழித்து, அவர் குடும்பத்தில் அடுத்தவர் நோயுற்ற பின்புதான் நோயின் பெயர் தெரிந்தது. ஆய்வாளர்கள் கணக்கிட்ட 23 பேரில் இருவர்தான் பிழைத்தார்கள். மூன்று மருத்துவமனைகளில் தொற்று கைமாறியிருந்தது. முதல் நோயாளியைப் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் கவனித்துக்கொண்ட செவிலியர் லினி புதுச்சேரி இறந்தார். கேரளம் அப்போது காட்டிய வேகத்தை எல்லோரும் பாராட்டினார்கள், பாராட்டுக்கு உரியதுதான். ஆனால் பெயர் தெரிவதற்கு முந்தைய அந்த இரண்டு வாரத்தில் எந்த நிபா நெறிமுறையும் உதவியிருக்க முடியாது. அப்போது காப்பாற்றியிருக்கக்கூடியது ஒன்றுதான்: இருமுகிற எந்த நோயாளிக்கும் முகக்கவசம், நெரிசலில்லாத காத்திருப்பு, உடல் திரவத்தைத் தொடும் எவருக்கும் கையுறையும் அதன்பின் கைச்சுத்தமும். நோயின் பெயரைப் பார்த்து எடுக்கும் முன்னெச்சரிக்கை அல்ல இது, எல்லா நோயாளியிடமும் எடுப்பது. 2019இலும் 2021இலும் நிபா திரும்ப வந்தபோது ஒருவரோடு நின்றுவிட்டது. கிருமியின் போக்குக்கும் அதில் பங்கு இருக்கலாம். 2023இல் முதல் நோயாளி கண்டறியப்படாமலே இறந்தார். அடுத்து நோயுற்றவர்களில் சுகாதாரப் பணியாளர் ஒருவரும் இருந்தார். பெரிய பெயர் கொண்ட நோய்கள் எப்போதாவது வருகின்றன. வராத நாட்களில் வார்டு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தே வரும் நாளில் அது காக்கும்.

அந்தச் சாதாரண நாட்களில் நம் மருத்துவமனைகளில் என்ன நடக்கிறது? டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் பிறந்த 88,636 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2016இல் வெளியானது. சிசு தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 13,530 குழந்தைகளில் 14.3 சதவீதத்தினருக்குச் செப்சிஸ் எனப்படும் கடும் தொற்று. முதன்மைக் கிருமிகள் அசினெட்டோபாக்டரும் கிளெப்சியெல்லாவும். மருத்துவமனையில் குடியிருக்கும், பல மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் இவை. பிறந்து ஒரு வாரமாகாத குழந்தைக்குக் கடைசி வரிசை மருந்துகளும் கேட்பதில்லை என்பதற்கு மேல் கொடுமை என்ன இருக்கிறது? 2010இல், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரை, கடைசி வரிசை ஆன்டிபயாடிக்குகளான கார்பபெனம்களை முறியடிக்கும் நொதியைத் தாங்கிய கிருமிகளைச் சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் கண்டதாகச் சொன்னது. அந்த நொதியின் பெயரில் நியூ டெல்லி இருந்ததால் நாட்டில் எழுந்த கோபம் பெயரைப் பற்றியதாகவும் மருத்துவச் சுற்றுலாவைப் பற்றியதாகவும் இருந்தது. ஒரு நகரத்தின் பெயரை நொதிக்கு வைத்தது முறையா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் நம் வார்டுகளில் இது எவ்வளவு இருக்கிறது, எப்படிப் பரவுகிறது என்ற கேள்வி அந்தக் கூச்சலில் அமிழ்ந்தது. இரண்டாண்டு கழித்து நாட்டின் மருத்துவச் சங்கங்கள் கூடி, மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிச் சென்னைப் பிரகடனம் செய்தபோதுதான் பேச்சு திசை மாறியது. புதிய ஆன்டிபயாடிக் வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பவர்களும் இதை யோசிக்க வேண்டும்: பரவாத கிருமிக்கு மருந்தே வேண்டாம்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை இவற்றில் அடங்கும். முதலாவது, இதெல்லாம் பணக்கார நாட்டுக் கதை, தண்ணீரே வராத ஆரம்பச் சுகாதார நிலையத்தில் எண்ணிக்கை எதற்கு என்பது. உலகில் ஏறக்குறைய பாதி சுகாதார நிலையங்களில் நோயாளியைத் தொடும் இடத்திலும் கழிப்பறையிலும் கைச்சுத்தத்துக்கான அடிப்படை வசதி இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் 2022இல் சொல்லியிருக்கின்றன. தண்ணீர் இல்லாத இடத்தில் கைகழுவச் சொல்வது கேலி. ஆனால் வசதி இல்லாமையே எண்ண வேண்டியதற்கான காரணம். எத்தனை நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதும் அந்த ஏட்டில் ஏற வேண்டிய எண்தான். செலவென்று பார்த்தாலும், ஒரு நோயாளிக்கு இரண்டு வாரம் மெரோபெனம், கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குகளும் வென்டிலேட்டரும் கொடுக்கும் பணத்தில் ஒரு வார்டுக்கு எத்தனை காலம் சோப்பும் கைத்திரவமும் வாங்கலாம் என்பதை எந்த மருந்தகப் பொறுப்பாளரும் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுவிடுவார். ஏழைக் குடும்பத்தில் அந்தச் செலவு நகையையும் நிலத்தையும் கொண்டுபோகிறது.

இரண்டாவது எதிர்ப்பு வலுவானது. எண்ணை வெளியிட்டால் மருத்துவமனைகள் பொய் சொல்லும். தொற்றைத் தேடிப் பார்க்காதவருக்குத் தொற்று கிடைக்காது. இரத்தப் பரிசோதனைக்கே அனுப்பாத மருத்துவமனையில் இரத்தத் தொற்று பூஜ்யம். மோசமான நிலையில் வரும் நோயாளிகளை ஏற்கும் அரசு மருத்துவமனை கெட்ட பெயர் வாங்கும்; அவர்களைக் கைகழுவி அனுப்பும் தனியார் மருத்துவமனை நல்ல பெயர் வாங்கும். இங்கிலாந்தில் ஆய்வாளர்கள் நேரில் இருந்து பார்த்தபோது, ஒரே வரையறையை ஒவ்வொரு பிரிவும் வெவ்வேறு விதமாக எண்ணியதைக் கண்டார்கள். பலவும் ஏமாற்றும் நோக்கமில்லாத வேறுபாடுகள். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதே இங்கிலாந்தின் அனுபவத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் இரத்தத் தொற்றை ஒவ்வொரு மருத்துவமனையும் தெரிவிக்க வேண்டும் என்று 2001இல் கட்டாயமாக்கினார்கள்; பாதியாகக் குறைக்க வேண்டும் என்று 2004இல் இலக்கு வைத்தார்கள். 2003-04இல் சுமார் 7,700 ஆக இருந்தது 2011-12இல் சுமார் 1,100. இவ்வளவு பெரிய இறக்கத்தைப் பொய்க்கணக்கால் மட்டும் கொண்டுவர முடியாது. மறுபக்கமும் அங்கேயே உண்டு. கென்ட் பகுதியின் மெய்ட்ஸ்டோன் மருத்துவமனைக் குழுமத்தில் 2004க்கும் 2006க்கும் இடையே கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் தொற்றால் சுமார் 90 பேர் உறுதியாகவோ அநேகமாகவோ இறந்ததாக 2007இல் விசாரணை அறிக்கை சொன்னது. நெருக்கிப் போட்ட படுக்கைகள், போதாத செவிலியர்கள், நிதியிலும் காத்திருப்பு நேர இலக்கிலும் மூழ்கிய நிர்வாகக் குழு. அங்கே எண்ணாமல் இல்லை. நிர்வாகம் வேறு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆகவே தொற்று விகிதத்தோடு, ஆயிரம் நோயாளி நாட்களுக்கு எத்தனை லிட்டர் கைத்திரவம் செலவானது, எத்தனை இரத்த மாதிரிகள் பரிசோதனைக்குப் போயின, இரவு ஷிப்டில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்பனவும் சேர்ந்து வெளியாக வேண்டும். பரிசோதனையே அனுப்பாமல் பூஜ்யம் காட்டும் மருத்துவமனை அப்போது தானே வெளிப்பட்டுவிடும்.

இது நமக்குப் பழக்கமில்லாத வேலையும் அல்ல. தமிழ்நாட்டில் 1990களிலிருந்து பிரசவத்தோடு தொடர்புடைய ஒவ்வொரு தாயின் மரணமும் பதிவாகி, எங்கே தாமதம், எங்கே தவறு என்று விசாரிக்கப்படுகிறது. தனியார் மருத்துவமனையில் நடந்தாலும் தெரிவித்தாக வேண்டும். யாரையும் தண்டிப்பது நோக்கமில்லை, அடுத்த மரணத்தைத் தடுப்பதுதான் நோக்கம் என்ற கொள்கையில் அது தொடங்கியது. 2001-03இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 134 ஆக இருந்த தாய்மார் மரணம் 2018-20இல் 54 ஆகியிருக்கிறது. 24 மணி நேர ஆரம்பச் சுகாதார நிலையங்கள், இரத்த வங்கிகள், 108 ஆம்புலன்ஸ் என்று பலவும் சேர்ந்து செய்த காரியம் அது. ஆனால் எங்கே இரத்தம் இல்லை, எங்கே வண்டி வரவில்லை என்று சொன்னது அந்த மரண விசாரணை. அந்த ஏற்பாட்டை நடத்தத் தெரிந்த அதே மாவட்ட அதிகாரிகளுக்கும் செவிலியர்களுக்கும் மருத்துவமனைத் தொற்றை எண்ணத் தெரியாமல் போகாது. நாட்டளவில் தொற்றுத் தடுப்புக்கான தேசிய வழிகாட்டு நெறிகள் 2020 ஜனவரியில் வந்துவிட்டன. தில்லி எய்ம்ஸும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சில மருத்துவமனைகளை இணைத்துக் கண்காணிப்பு வலையமைப்பு ஒன்றை நடத்துகின்றன. ஆனால் நம் ஊரில் எந்த மருத்துவமனையில் சேர்வது என்று யோசிக்கும் குடும்பத்துக்கு இன்றுவரை ஓர் எண்ணும் கையில் இல்லை. அறைவாடகை தெரிகிறது, மருத்துவரின் பட்டங்கள் தெரிகின்றன, தொற்று விகிதம் தெரிவதில்லை.

சிசு தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து தொடங்கலாம். அரசு, தனியார் என்ற பேதமில்லாமல், அங்கே உண்டாகும் ஒவ்வொரு இரத்தத் தொற்றையும் தாய்மார் மரணத்தைப் போலவே கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட வேண்டும்; மருத்துவமனை வாரியான எண்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்; ஒவ்வொரு 250 படுக்கைக்கும் வேறு வேலை சுமத்தப்படாத ஒரு தொற்றுத்தடுப்புச் செவிலியரை நியமித்து, நிறுத்துங்கள் என்று சொல்லும் அதிகாரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்போகும் வாசகரிடமும் ஒரு வேண்டுகோள்: கையெழுத்துப் போடுவதற்கு முன், இந்த அறுவையில் போன ஆண்டு எத்தனை பேருக்கு இங்கே தொற்று வந்தது என்று கேளுங்கள்.